ஒரு மரவீடு கூறும் சரித்திரம்

புராதனக் கட்டிடம் என்றதும் கோயிலையும் கோட்டையையுமே நாம் நினைக்கிறோம். ஒரு குடியானவனின் வீடும் சரித்திரமாகும் என்பதற்கு அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில், டெட்ஹாம் நகரிலுள்ள பேர்பாங்க்ஸ் வீடு சான்றாகும். வட அமெரிக்காவில் இன்றும் நிற்கும் மரச்சட்ட வீடுகளுள் இதுவே மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. யார்க்ஷயரிலிருந்து குடியேறிய ஜானதன் பேர்பாங்க்ஸ் தமது குடும்பத்திற்காக இதைக் கட்டுவித்தார். மரங்களின் ஆண்டு வளையங்களைச் சோதித்த நிபுணர்கள், இதன் காலத்தை 1637-க்கும் 1641-க்கும் இடைப்பட்டதென நிர்ணயித்துள்ளனர்.

ஓக் மரத் தூண்களில் துளையிட்டு, உத்தரங்களின் நுனியை அதனுட் செலுத்தி, மரமுளை அறைந்து இறுக்கிய கூடு இது. நடுவே செங்கற் புகைபோக்கி. அதன் இருபுறமும் அறைகள். பின்வந்தோர் பக்கங்களில் மேலும் அறைகளைச் சேர்த்தனர். எட்டுத் தலைமுறையினர் இங்கே வாழ்ந்தனர். 1904-ல் குடியிருப்பு முடிவுற்றபின், அவ்வம்சத்தாரின் சங்கமே இதைக் காட்சிசாலையாக்கிக் காத்து வருகிறது. அரசாங்கத்தை எதிர்பாராத அவர்களது சிரத்தையை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆயினும், ‘மிகப் பழையது’ என்னும் சொல்லை அப்படியே ஏற்க நாம் தயங்குகிறோம். அந்நிலத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர் மாஸசூஸெட் என்னும் பூர்வகுடிகள்; மாகாணத்தின் பெயரே அவர்களுடையதன்றோ? 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அவர்கள் பெருந்திரளாக மாண்டனர். வளைத்த கழிகளின்மேல் மரப்பட்டையும் பாயும் போர்த்திய அவர்களது இல்லங்கள் மண்ணோடு மறைந்தன. நின்ற வீட்டை மட்டும் சொல்லி, மறைந்த வீடுகளைச் சொல்லாது விடுவது பாதிச் சரித்திரமே.