மலையேற்றத்தில் வெட்டி இழுக்கும் கார்

மறையூரில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பாலக்காட்டிலிருந்து கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு போகிறவர்களின் பெட்ரோல் கார்கள் வாசலில் வந்து நின்றால், பெரும்பாலும் ஒரே புகார்தான். “அண்ணே, உடுமலை வரைக்கும் ஒண்ணும் தெரியல. சின்னாறு தாண்டி மேடு ஏறவும் வெட்டி வெட்டி இழுக்குது. பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமோ?” நான் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோலை அல்ல, இக்னிஷன் காயிலை.

பேட்டரி தருவது 12 வோல்ட். பிளக் முனையில் பொறி தாவப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். சில நேரம் 20,000-ஐயும் தாண்டும். அந்த வேலை காயிலுடையது. உள்ளே தடித்த கம்பி சில நூறு சுற்று, மயிரிழை போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் ஓடும் கரண்டைப் பட்டென்று வெட்டினால் மெல்லிய கம்பியில் உயர் மின்னழுத்தம் எழும். 1831-இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பழைய அம்பாசிடரில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில். இப்போது பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒன்று.

சமவெளியில் தெரியாத குறை மேட்டில் ஏன் தெரிகிறது? ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று நிறைய நுழைந்து அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பொறி தாவக் கூடுதல் வோல்ட் வேண்டும். நைந்த காயிலால் அதைத் தர முடியாது. சூடும் சேர்ந்துகொள்ளும். சூட்டில் விரிசல் விட்ட காப்புப்பூச்சு வழியாகக் கரண்ட் கசியும், ஆறியதும் அடங்கிவிடும். அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் வண்டி சரியாவது இதனால்தான். ஆறிய காயில் மீட்டரில் சரியான அளவு காட்டிவிடும். மீட்டரை மட்டும் நம்பி ஒரு காயிலுக்கு நற்சான்று தரக் கூடாது.

ஸ்கேனரை மாட்டினால் எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று பிழைக் கோடு (code) சொல்லும். பி0301 என்றால் முதலாவது, பி0302 என்றால் இரண்டாவது. ஆனால் கோடு சிலிண்டரைத்தான் சொல்கிறது, காயிலைச் சொல்லவில்லை. இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். பி0301 வந்திருந்தால், இன்ஜினை நிறுத்தி, முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதிலும், இரண்டாவதை முதலிலும் மாற்றிப் போட்டு, பிழைக் கோடை அழித்துவிட்டு, அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பி0302 வந்தால் குற்றவாளி காயில். பி0301-லேயே நின்றால் பிளக், வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நாலு காயிலையும் மாற்றச் சொல்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

காயில் போனது உறுதியானால் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், காயிலிடம் கூடுதல் வோல்ட் கேட்டுக் கேட்டே அதைக் கொன்றிருக்கும். பழைய பிளக்கை விட்டுவைத்தால் புதுக் காயிலுக்கும் அதே கதிதான். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது காயிலையோ பிளக் வயரையோ பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். கையிலும் அடிக்கும், எலக்ட்ரானிக்ஸும் போகும்.

இன்ஜின் விளக்கு மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பழுக்கவைத்துக் கெடுத்துவிடும். காயிலைவிடப் பல மடங்கு செலவு. சின்னாறு யானை நடமாடும் காடு. நடுவில் நின்றால் இறங்கி பானட்டைத் திறக்கவும் முடியாது. வெட்டி இழுப்பது லேசாகத் தெரிந்தாலும், குடும்பத்தோடு மேலே ஏறுவதற்கு முன் உடுமலையிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வாருங்கள்.