மாமியாரின் மோட்டார் டியூட்டி!

கோலமும் சமையல் குறிப்பும் எழுதி அனுப்புகிற தோழிகளுக்கு நடுவே நான் கரண்ட் விஷயம் எழுதுகிறேன். கோபித்துக் கொள்ளாதீர்கள்!

எங்கள் வீட்டில் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் போடுவது மாமியாரின் வேலை. "நீ தூங்கும்மா, நான் பார்த்துக்கறேன்" என்பார். போன மார்கழியில் இருட்டில் போனவர், சம்ப் பக்கத்து ஈரத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு. பிறகு மோட்டார் என் பொறுப்பு. ஒருநாள் போட்டுவிட்டு பால் காய்ச்சப் போனவள் சுத்தமாக மறந்துவிட்டேன். சம்ப் வற்றி, மோட்டார் வெறுமனே ஓடி, காயில் புகைந்துவிட்டது. திரும்பக் கட்ட மூவாயிரத்துச் சொச்சம்.

"டைமர் மாட்டிடலாமே" என்றேன். "அதெல்லாம் பேக்டரிக்குத்தான்" என்றார் என்னவர். சீட்டுப் பணத்தில் நானே வாங்கினேன். கடிகாரம் மாதிரி வட்டமாக, சுற்றிலும் 96 குட்டிப் பற்கள். பல்லுக்கு 15 நிமிடம். வேண்டிய பற்களை அழுத்திவிட்டால் தினமும் அதே நேரத்துக்கு ஓடி நிற்கும். எலக்ட்ரீஷியன் தம்பி, "மோட்டார் கிளம்பும்போது கரண்ட்டைப் பல மடங்கு இழுக்கும், டைமர் தாங்காதுக்கா" என்று நடுவில் கான்டாக்டர் வைத்தார். இதை நாமே மாட்ட முயல வேண்டாம்.

முதல் வாரமே கூத்து. முந்தின நாள் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும் என்று யாருக்குத் தெரியும்? காலையில் ஓடவில்லையே என்று ஐந்தரைக்கு நானே போட்டு டேங்க்கை நிரப்பினேன். ஆறரைக்கு டைமர் தன் பங்குக்கு மறுபடி போட்டது! வழிந்த தண்ணீர் முழுக்க பக்கத்து வீட்டம்மா காயப்போட்ட துணி மேல். இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக மாற்றினேன். சம்பில் தண்ணீர் இருக்கா என்று டைமருக்குத் தெரியாதே! அதனால் சம்பிலும் டேங்க்கிலும் மிதவை சுவிட்சும் வைத்தாயிற்று.

கீசருக்கும் தனியாக ஒன்று, 16 ஆம்பியரில். எங்களுடையது 2000 வாட். அரை மணி ஓடினால் ஒரு யூனிட். தண்ணீர் சுட்டதும் தானே நிற்கும்தான். ஆனால் ஆற ஆறத் திரும்பச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். பையன்கள் மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனால் பில் எகிறாதா?

இஸ்திரிப் பெட்டி, வாளியில் போடும் ஹீட்டர் ராடு இரண்டையும் மட்டும் டைமரில் மாட்டவே கூடாது. ஆளில்லாத நேரத்தில் வெறும் வாளியில் சூடேறினால் என்னாவது!

பெரியவன், "செல்போனிலேயே எல்லாம் போடலாம்மா, பிளக் வந்திருக்கு" என்கிறான். வரட்டும். மாமியாருக்குக் கண்ணாடி தேடவே கால் மணி ஆகும்.

அவர் இன்னமும் நாலரைக்கு விழித்துக்கொள்கிறார். சத்தம் கேட்டதும் "ஓடுதும்மா" என்று எனக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் புரண்டு படுக்கிறார்.

- ஒரு வாசகி, திருச்சி