கட்டடத்துக்கே வரி
அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்கா நிறுவனம் தன் விடுதி ஒன்றின் 2015-ஆம் ஆண்டுச் சொத்து வரி மதிப்பீட்டை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. நிலம், கட்டடத்தோடு வியாபாரத்தின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது தவறு என்று 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் சொத்து வரி விதிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆந்திரத்தின் கார்வேட்டிநகரத்தில் வீட்டு வரி விதிப்பது கிராமப் பஞ்சாயத்து. சித்தூர், திருப்பதி மாநகராட்சிகளிலோ, 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வாடகை மதிப்புக்குப் பதிலாக மூலதன மதிப்பே சொத்து வரிக்கு அடிப்படை.

வரி நோட்டீஸ் வந்ததும் கட்டடத்தின் அளவும் பயன்பாடும் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் தாமதிக்காமல் எழுத்து மூலம் முறையிடுங்கள். சரியான வரியைத் தவறாமல் கட்டுங்கள். தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் கைகொடுப்பது அந்தப் பணம்.