கடல் கடக்கும் சிறகுகள்

நுழையும்முன்

ஊர்க்குளத்தைக் காத்தால் அக்குளத்து மீன்களைக் காத்துவிடலாம். ஓராண்டிற்குள் பல நாடுகளில் வாழ்ந்து செல்லும் பறவையை எந்த நாட்டில் காப்பது? கரைப்பறவைகளின் வலசைப் பாதையைப் பின்தொடர்ந்த அறிவியலாளர்கள் இவ்வினாவிற்கு விடை கண்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடல்நீர் உள்வாங்கும்போது வெளிப்படும் ஈரச் சேற்றில் பறவைகள் கூட்டமாக ஓடியாடி இரைதேடும் காட்சியைக் கடலோர மக்கள் நன்கறிவர். சேற்றிலும் ஆழமற்ற நீரிலும் நடப்பதற்கேற்ற கால்களும், புழுக்களையும் சிப்பிகளையும் தேடி எடுப்பதற்கேற்ற அலகும் கொண்ட இவற்றைக் கரைப்பறவைகள் என்பர். உள்ளான், மூக்கன், உப்புக்கொத்தி ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுள் பல இனங்கள் வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பகுதியில் கோடைக்காலத்தில் கூடமைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. அங்குப் பனி சூழ்வதற்குமுன் தெற்கு நோக்கிப் பறந்து, வெப்பமான கடற்கரைகளில் எஞ்சிய மாதங்களைக் கழிக்கின்றன. பருவந்தோறும் நிகழும் இவ்விடப்பெயர்ச்சியே வலசை எனப்படுகிறது.

வலசை போகும் பறவைக்கு மூவகை இடங்கள் இன்றியமையாதவை. குஞ்சு பொரிக்கும் இடம் ஒன்று; குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் மற்றொன்று; நெடும்பயணத்தின் இடையே இறங்கி இளைப்பாறி உடலில் கொழுப்பைச் சேமித்துக்கொள்ளும் இடம் மூன்றாவது. இம்மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போகும். ஒரு கரையில் நின்று பறவைகளை எண்ணுவோருக்கு அவை குறைந்துவருவது தெரியும். எந்தக் கண்ணி அறுந்தது என்பது தெரியாது. அதனை அறியப் பறவையின் பயணம் முழுவதையும் பின்தொடர வேண்டும்.

கால்வளையம்

பறவையின் காலில் முகவரி பொறித்த வளையத்தை இட்டு, அதன் பயணத்தை முறையாக ஆராயும் வழக்கத்தை 1899ஆம் ஆண்டில் தொடங்கியவர், டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியரான ஹான்ஸ் மார்ட்டென்சன். அவர் எடை குறைந்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளுக்கு அணிவித்தார். வளையமிட்ட பறவையை வேறோர் ஊரில் எவரேனும் கண்டெடுத்து, அம்முகவரிக்குத் தெரிவித்தால் அது சென்ற இடம் விளங்கிவிடும்.

இம்முறை எளியது, எனினும் குறையுடையது. பறவை புறப்பட்ட இடமும் மீண்டும் கிடைத்த இடமும் மட்டுமே இதனால் தெரியவரும். இக்குறையை ஓரளவு போக்கியது வண்ணக் கொடிமுறை. பறவையின் காலில் சிறிய நெகிழிக் கொடி ஒன்று பொருத்தப்படுகிறது. வளையமிடப்பட்ட நாட்டையோ பகுதியையோ அதன் நிறம் உணர்த்தும். கொடியில் உள்ள எழுத்தும் எண்ணும் அந்தத் தனிப்பறவையை உணர்த்தும். தொலைநோக்கி கொண்டு தொலைவிலிருந்தே இதனைப் படித்துவிடலாம். ஆகவே, மீண்டும் பிடிக்காமலேயே ஒரே பறவையைப் பல ஆண்டுகளுக்குப் பல நாடுகளில் அடையாளம் காண முடிகிறது.

விண்வழிச் செய்தி

பறவை பறந்துகொண்டிருக்கும்போதே அதன் இருப்பிடத்தை அறியும் வாய்ப்பைச் செயற்கைக்கோள் வழங்கியது. 2007ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் பட்டைவால் மூக்கன்கள் சிலவற்றின் உடலில் சிறிய அலைபரப்பிகள் பொருத்தப்பட்டன. அவற்றுள் ‘இ7’ எனக் குறியிடப்பட்ட பெண்பறவை உலகின் கவனத்தை ஈர்த்தது. மார்ச்சு மாதத்தில் நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட அப்பறவை, எங்கும் இறங்காமல் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, சீனாவும் வடகொரியாவும் சந்திக்கும் யாலு ஆற்றின் கழிமுகத்தை அடைந்தது. அங்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் தங்கி இரையுண்டது. பின்னர் அலாசுக்கா சென்று இனப்பெருக்கக் காலத்தைக் கழித்தது. ஆகத்து இறுதியில் அங்கிருந்து கிளம்பிப் பசிபிக் பெருங்கடலின் மேலே 11,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை ஏறத்தாழ எட்டு நாள்களில் ஒரே மூச்சில் கடந்து நியூசிலாந்து திரும்பியது.

பட்டைவால் மூக்கனால் வாத்தைப் போல நீரில் மிதந்து இளைப்பாற இயலாது. கடலைக் கடந்து முடிக்கும்வரை சிறகடித்தே ஆகவேண்டும். இதற்கெனப் புறப்படுமுன் அது பெருமளவு கொழுப்பைச் சேமிக்கிறது. பறக்கும்போது தேவைப்படாத குடல், இரைப்பை முதலிய உறுப்புகள் சுருங்குகின்றன. எனவே, வழியில் இறங்கும் சேற்றுநிலம் அப்பறவைக்கு வெறும் தங்குமிடம் அன்று. அடுத்த கட்டப் பயணத்திற்கான உயிராற்றலை அதுவே வழங்குகிறது. அங்கு இரை கிடைக்கவில்லையெனில் அடுத்த இடம் தேடிச் செல்ல அதன் உடலில் ஆற்றல் எஞ்சியிருக்காது.

தெரிந்து தெளிவோம்

2022ஆம் ஆண்டில் பிறந்து ஐந்து மாதமே ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று, அலாசுக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாசுமேனியா வரை 13,560 கிலோமீட்டர் தொலைவை 11 நாள்களில் எங்கும் இறங்காமல் கடந்தது. பறவையொன்றின் இடைநில்லாப் பயணத்தில் இது உலகச் சாதனையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

எங்கே மடிகின்றன?

வடமேற்கு ஆஸ்திரேலியாவின் ரோபக் விரிகுடாவும் அதனை அடுத்த கடற்கரைகளும் கரைப்பறவைகள் பெருந்திரளாகக் கூடும் இடங்கள். அங்கு வந்துசெல்லும் பட்டைவால் மூக்கன், கிரேட் நாட், ரெட் நாட் ஆகிய மூன்று இனங்களுக்கு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வண்ண அடையாளமிட்டுக் கண்காணித்தனர். ஒவ்வொரு பருவத்திலும் எந்தெந்தப் பறவைகள் மீண்டும் கண்ணில் படுகின்றன, எவை காணாமற் போகின்றன என்பதைக் குறித்துவந்தனர். அதனைக்கொண்டு, பறவைகள் ஆஸ்திரேலியாவில் தங்கியிருக்கும் மாதங்களில் பிழைப்போர் விகிதத்தையும், வெளியே சென்றிருக்கும் மாதங்களில் பிழைப்போர் விகிதத்தையும் தனித்தனியே கணக்கிட்டனர்.

2016ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின் முடிவு தெளிவாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருக்கும்போது பறவைகள் முன்போலவே நலமாகப் பிழைத்திருந்தன. வெளியே சென்ற மாதங்களிலேயே இறப்பு மிகுந்திருந்தது. அப்படியாயின், குறை குஞ்சு பொரிக்கும் இடத்தில் உள்ளதா, வழியில் உள்ளதா? மூன்று இனங்களும் வடகோளத்தில் வெவ்வேறு பகுதிகளில் இனப்பெருக்கம் செய்பவை. ஆனால், மூன்றும் தம் பயணத்தில் இறங்கி இரையுண்ணும் பொதுவான இடம் மஞ்சள் கடல். மூன்று இனங்களும் ஒரே காலத்தில் ஒரே வகையில் குறைந்ததால், காரணமும் அப்பொதுவிடத்திலேயே இருத்தல் வேண்டும் என ஆய்வாளர்கள் உய்த்துணர்ந்தனர். மஞ்சள் கடலை மிகுதியாகச் சார்ந்துள்ள இனங்களே விரைவாகக் குறைகின்றன என்பதை அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் உறுதிப்படுத்தியது.

அறுந்த கண்ணி

சீனாவிற்கும் கொரியத் தீபகற்பத்திற்கும் இடைப்பட்டது மஞ்சள் கடல். ஆறுகள் கொணரும் வண்டல் படிந்து, கடல் ஏறும்போது மறைந்தும் இறங்கும்போது வெளிப்பட்டும் காணப்படும் அகன்ற சேற்றுவெளிகள் அதன் கரையெங்கும் இருந்தன. துறைமுகம், தொழிற்சாலை, வேளாண்மை ஆகியவற்றிற்காகச் சுவரெழுப்பி மண்ணிட்டு இவற்றை நிலமாக்கியதால், ஐம்பது ஆண்டுகளில் இச்சேற்றுவெளிகளின் பரப்பில் 65 விழுக்காடு வரை மறைந்தது. தென்கொரியாவின் சேமன்கம் பகுதியில் 33 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்சுவர் 2006ஆம் ஆண்டில் இணைக்கப்பட்டது. கடல் ஏற்றமும் இறக்கமும் அங்குத் தடைப்பட்டன. அங்குப் பெருந்திரளாக இறங்கிவந்த கிரேட் நாட் பறவைகள் அருகிலுள்ள வேறு கரைகளுக்குச் சென்று பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணியோர் உண்டு. அவ்வாறு நிகழவில்லை. அவை தொலைவிலுள்ள ஆஸ்திரேலியாவிலும் எண்ணிக்கையில் குறைந்தன. 2015ஆம் ஆண்டில் அவ்வினம் அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளானவற்றின் பட்டியலில் இடம்பெற்றது.

பயணத்தைப் பின்தொடராதிருந்தால், பறவை குறைந்ததற்கு ஆஸ்திரேலியக் கரையிலேயே காரணம் தேடியிருப்பர். பொருளும் உழைப்பும் நலமாக உள்ள கண்ணியைச் சீர்செய்வதிலேயே செலவழிந்திருக்கும்.

அறிவு செயலாதல்

சான்றுகள் திரண்டபின் மாற்றங்கள் நிகழ்ந்தன. வணிக நோக்கில் கடலை மேடாக்கும் பணிகளை நிறுத்துவதாகச் சீனா 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. மஞ்சள் கடலோரத்தில் உள்ள சீனப் பறவைப் புகலிடங்கள் 2019ஆம் ஆண்டிலும், ‘கெட்போல்’ எனப்படும் தென்கொரியச் சேற்றுவெளிகள் 2021ஆம் ஆண்டிலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. சீனாவின் மேலும் சில கடலோரப் பகுதிகளை அப்பட்டியலில் சேர்க்கும் முடிவு, 2024ஆம் ஆண்டில் புதுதில்லியில் நடைபெற்ற உலகப் பாரம்பரியக் குழுவின் கூட்டத்தில் எடுக்கப்பட்டது.

இடர் முற்றும் நீங்கிவிடவில்லை. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒருவகைக் கோரைப்புல், எஞ்சிய சேற்றுவெளிகளில் அடர்ந்து பரவி, பறவைகள் இரைதேட இயலாதவாறு மூடுகிறது. அதனை அகற்றும் பணியும் நடைபெற்று வருகிறது. எந்தக் கரையில் இப்பணியை முதலில் செய்வது என்பதைத் தீர்மானிக்கவும் பறவைகளின் பயணப் பதிவுகள் துணைநிற்கின்றன.

நம் கரையில்

இச்சங்கிலி போன்ற வேறொன்றில் தமிழகமும் ஒரு கண்ணியாக உள்ளது. சைபீரியாவையும் இந்தியப் பெருங்கடலையும் இணைக்கும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் முப்பது நாடுகள் உள்ளன. அப்பாதையில் காவிரிப் படுகையின் தென்முனையாகிய கோடியக்கரை குறிப்பிடத்தக்க இடம். 1967ஆம் ஆண்டில் அங்குக் காட்டுயிர்ப் புகலிடம் அமைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக அங்குப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகின்றனர். உள்ளங்கைக்குள் அடங்கும் கொசு உள்ளான், வடதுருவத்தை ஒட்டிய தூந்திரத்தில் குஞ்சு பொரித்து, நம் உப்பளங்களின் ஓரத்திலும் உப்பங்கழிகளிலும் இரைதேடுகிறது.

மஞ்சள் கடல் கற்பித்த பாடம் நமக்கும் உரியது. ஓர் உப்பங்கழியைத் தூர்ப்பதும், அதற்கு வரும் நன்னீரைத் தடுப்பதும் உள்ளூர்ச் செயல்களாகத் தோன்றலாம். அவற்றின் விளைவோ சைபீரியக் கூடுகளில் தெரியும். அதேபோல், நாம் காக்கும் ஒரு சேற்றுநிலம் தொலைவிலுள்ள பல நாடுகளின் பறவைகளைக் காக்கிறது.

இப்பணியில் மாணவர்க்கும் இடமுண்டு. கடற்கரையில் வளையமோ கொடியோ அணிந்த பறவையைக் கண்டால், அதனைத் துரத்தாமல் தொலைவில் நின்று கொடியின் நிறம், எழுத்து, எண், கண்ட இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, வனத்துறையினருக்கோ பறவை ஆய்வு அமைப்பிற்கோ தெரிவிக்கலாம். அறிவியலாளர்கள் வரைந்த வலசை வரைபடங்கள் இத்தகைய சிறு குறிப்புகள் பல சேர்ந்து உருவானவை. நாம் எழுதியனுப்பும் ஒரு வரி, எந்தக் கண்ணியைக் காக்க வேண்டும் என்பதைச் சுட்டும் சான்றாக அமையக்கூடும்.