என்ஜினுக்கு வலு கூடினால் கியர் பெட்டி தாங்குமா?

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஒரு விதமான வண்டியை எங்கும் பார்க்கலாம். முன்பாதி காரைப்போல இருக்கும். பின்பாதி திறந்த பெட்டியாக இருக்கும். அதற்கு "பிக்-அப்" என்று பெயர். பண்ணைக்காரர் வைக்கோல் கட்டுகளை ஏற்றுவது அதில்தான். நாலைந்து டன் எடையுள்ள இழுவை வண்டியைப் பின்னால் பூட்டிக்கொண்டு மலை ஏறுவதும் அதில்தான்.

1989-ம் ஆண்டு மாடலில் டாட்ஜ் கம்பெனி தன் பிக்-அப்புக்குக் கம்மின்ஸ் டீசல் என்ஜினைப் பொருத்தியது. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், 160 குதிரை சக்தி. "இவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், அதன் முறுக்கு விசை 400 பவுண்டு-அடி! பாரம் இழுக்க வேண்டியது இந்த முறுக்கு விசைதான். என்ஜின் அசைக்க முடியாதது என்று பெயர் எடுத்துவிட்டது.

அதன் பின்னால் இருந்த ஆட்டோமாட்டிக் கியர் பெட்டிக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

தொழிற்சாலையே தயங்கியது

1996-ம் ஆண்டு மாடலைப் பாருங்கள். கையால் கியர் போடும் வண்டியில் இந்த என்ஜினுக்கு 215 குதிரை சக்தி. ஆட்டோமாட்டிக் வண்டியில் 180 மட்டுமே! என்ஜின் ஒன்றுதான், டீசலின் அளவைத்தான் குறைத்திருந்தார்கள்.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? 1994 முதல் 1998 வரை வந்த வண்டிகளின் டீசல் பம்பில் ஒரு சிறு தகடு உண்டு. டீசல் எவ்வளவு பாய வேண்டும் என்பதற்கு அதுவே எல்லை. அதைச் சற்று நகர்த்தினார்கள். அல்லது அராவி மாற்றினார்கள். வண்டி பாய்ந்தது. ஆனால், கியர் பெட்டி கருகியது!

உள்ளே நடப்பது என்ன?

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்று பட்டு மற்றொன்றும் சுழலும் அல்லவா? ஆட்டோமாட்டிக் வண்டியில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் "டார்க் கன்வர்ட்டர்" இப்படித்தான் வேலை செய்கிறது. காற்றுக்குப் பதில் அங்கே எண்ணெய்.

இரண்டாவது சக்கரம் முதல் சக்கரத்தைவிடச் சற்றுப் பின்தங்கியே சுழலும். அந்த வித்தியாசம் உஷ்ணமாக மாறும். இதைத் தவிர்க்க, வண்டி சீரான வேகத்தை அடைந்ததும் ஒரு கிளட்ச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. தொழிற்சாலை வைத்த கிளட்சில் இருப்பது ஒரே ஒரு தட்டு. என்ஜின் வலு கூடும்போது அந்தத் தட்டு வழுக்குகிறது; தேய்ந்து கருகுகிறது. அதன் தூள் எண்ணெயில் கலந்து, நுண்ணிய வால்வு வழிகளில் புகுகிறது. எண்ணெய் அழுத்தம் குறைகிறது. உடனே மற்ற கிளட்சுகளும் வழுக்கத் தொடங்குகின்றன.

பலப்படுத்துவது எப்படி?

முதலில், பல தட்டுகள் கொண்ட கிளட்சுடன் கூடிய டார்க் கன்வர்ட்டர் வேண்டும். பிடிக்கும் பரப்பு கூடினால் வழுக்கல் குறையும்.

இரண்டாவது, வால்வு பெட்டியைத் திருத்தி எண்ணெய் அழுத்தத்தை உயர்த்த வேண்டும். இதிலும் அளவு உண்டு. மிஞ்சினால் ஒவ்வொரு கியர் மாற்றமும் சம்மட்டி அடிபோல விழும்.

மூன்றாவது, என்ஜின் விசையை உள்ளே வாங்கும் தண்டு. விமானச் சக்கரக் கால்களுக்குப் பயன்படும் உயர்ரக எஃகில் இதைக் கடைந்து விற்கிறார்கள்.

நான்காவது, பெரிய எண்ணெய்க் குளிர்விப்பான். அதோடு உஷ்ணம் காட்டும் மானி. பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான்.

எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் டாலர் ஆகும். ஆனாலும் வரிசை மாறக்கூடாது. கியர் பெட்டியைப் பலப்படுத்திய பிறகே என்ஜினில் கை வைக்க வேண்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

உயிருக்கே ஆபத்து

இது பணக் கணக்கு மட்டும் அல்ல. பாரத்தோடு மலை இறங்கும்போது, புகைபோக்கியை அடைத்து என்ஜினாலேயே வண்டியின் வேகத்தைக் குறைக்கும் "எக்ஸாஸ்ட் பிரேக்" உண்டு. கன்வர்ட்டர் கிளட்ச் பூட்டி நின்றால்தான் அது நன்றாகப் பிடிக்கும். கிளட்ச் வழுக்கினால் முழுப் பாரமும் சக்கர பிரேக்கின் தலையில் விழும். அது சூடேறிப் பிடி தளர்ந்தால், கதி என்ன?

2001-ம் ஆண்டு மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் 300 குதிரை சக்தி டியூராமாக்ஸ் என்ஜினோடு அல்லிசன் கியர் பெட்டியை வைத்தது. கிளட்ச் வழுக்கினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, கியர் மாறவிடாமல் நிறுத்திவிடும். பெட்டி பிழைத்துவிடும், ஆனால், வலு கூட்டியவர் நடுவழியில் ஒரே கியரில் ஊர்ந்து போக வேண்டியதுதான்.

வலுவுக்காகப் புகைச் சுத்திகரிப்புச் சாதனத்தைக் கழற்றுவோரும் உண்டு. கடந்த பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்-அப்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2020-ல் மதிப்பிட்டது. அந்தப் புகையைச் சுவாசிப்பது ஊராரும்தான்.

இத்தகைய பழைய வண்டியை வாங்குவோருக்கு ஒரு யோசனை: கியர் பெட்டியின் அளவுகோலை உருவி எண்ணெயைப் பாருங்கள். புது எண்ணெய் சிவப்பாக இருக்கும். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால், என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விலை பேசாமல் திரும்பி விடுங்கள்.