உணவு ஆலைக்குள் நுழையும் இளைஞர்கள் எதைக் கற்க வேண்டும்?

2000 மார்ச் 31. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில், தைகி என்ற ஊரில் இருந்த ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பால் ஆலையில் மின்சாரம் நின்றது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அதுவரை குழாய்களிலும் தொட்டிகளிலும் இருந்த பால் குளிர்விக்கப்படாமல் வெதுவெதுப்பாகவே கிடந்தது. அதை யாரும் கொட்டிவிடவில்லை. மறுபடி சூடுபடுத்தினால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையில், அந்தப் பால் கொழுப்பு நீக்கிய பால் பவுடராக மாறியது.

கிருமி செத்தது. ஆனால், சாவதற்கு முன் அது பாலில் சுரந்துவிட்ட நச்சு அப்படியே இருந்தது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் அந்த நச்சு, பால் ஆலையில் கொடுக்கும் சூட்டுக்கு அழியாது. அந்தப் பவுடரைச் சேர்த்து ஒசாகா ஆலையில் தயாரித்த பால் பொருள்களைச் சாப்பிட்டு, அந்தக் கோடையில் 13,000 பேருக்கும் மேல் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் பாதிக்கப்பட்டார்கள்.

இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைந்த ஆலைதான் அது. சூடு எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்பது வேலை நடக்கும் இடத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு உரிய நேரத்தில் செயலுக்கு வரவில்லை. பிஸ்கட், பால், ஜூஸ், மசாலாத் தூள், உறையவைத்த இறால் என எந்த உணவு ஆலைக்குள் வேலைக்குப் போகும் இளைஞருக்கும் தர வேண்டிய பயிற்சியின் மையம் இதுதான். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்பதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஏன் அழுத்துகிறோம், எப்போது அழுத்தக்கூடாது என்பதற்குத்தான் காலமும் ஆசிரியரும் வேண்டும்.

ஆபரேட்டருக்குத் தெரிய வேண்டியவை

ஒரு பால் பண்ணையின் பாஸ்ச்சரைசரை எடுத்துக்கொள்வோம். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்திருக்க வேண்டும். சூடு அதற்குக் கீழே இறங்கினால் ஒரு வால்வு தானாகத் திரும்பி, பாலை மீண்டும் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். அந்த வால்வு அடிக்கடி திரும்பினால் உற்பத்தி குறையும். மேலிருந்து அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் வால்வைக் கட்டிப்போட்டுப் பாலை ஓடவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை, சூட்டின் கணக்கு தெரிந்தவர்தான் துணிந்து சொல்ல முடியும். அடுத்தடுத்த தகடுகளில் பச்சைப் பாலும் பதப்படுத்திய பாலும் ஓடும் பகுதியில், பதப்படுத்திய பக்கத்தின் அழுத்தம் ஏன் கூடுதலாக வைக்கப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். தகட்டில் ஓட்டை விழுந்தாலும் நல்ல பால்தான் பச்சைப் பாலுக்குள் கசியும், பச்சைப் பால் இந்தப் பக்கம் வராது.

கழுவும் வேலையும் அப்படித்தான். பால் குழாய்களைக் கழற்றாமலே கழுவும் முறையில் முதலில் காஸ்டிக் சோடா கரைசல் ஓடும், அது கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும். பிறகு அமிலம் ஓடும், அது பால் படிவுக் கல்லை நீக்கும். காஸ்டிக்கைத் தண்ணீரில்தான் மெல்லச் சேர்க்க வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அமிலத்தோடு குளோரின் பிளீச் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இவற்றை அறியாமல் கழுவும் பகுதிக்குப் போகும் புதியவர் தன் கண்ணையும் நுரையீரலையும் பணயம் வைக்கிறார்.

பாக்கிங் லைனில் உலோகம் கண்டறியும் கருவி இருக்கும். இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என மூன்று சோதனைத் துண்டுகளை ஷிப்ட் தொடங்கும்போதும், இடையிடையேயும், முடியும்போதும் அதற்குள் அனுப்பிப் பார்ப்பார்கள். ஏதாவது ஒன்றைக் கருவி தவறவிட்டால் கருவியைச் சரிசெய்வது மட்டும் போதாது. கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பிறகு ஓடிய சரக்கு முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டும். இந்த முடிவை எடுப்பதற்கு லாக் புக்கில் நேரத்தை ஒழுங்காக எழுதும் பழக்கம் முதலில் வேண்டும்.

2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் சூட்டில் அழியாத நச்சின் அந்தக் கதை பொருந்தும். ஈரம் சரியாகக் காயாத நிலக்கடலையில் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுமையாகப் போகாது. ஆகவே நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி எறியும் கைதான் அங்கே முதல் பாதுகாப்பு.

உணவுப் பொருளே வெடிமருந்தாகும் என்பதும் பலருக்குப் புதுச் செய்தி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சுகர் ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று தேங்கிக் கிடந்த சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். மாவு, சர்க்கரை, பால் பவுடர் ஆகியவை காற்றில் மிதக்கும் அளவுக்கு நுண்மையானால் ஒரு தீப்பொறி போதும். இந்தப் பகுதிகளில் தரையைப் பெருக்குபவரும் பாதுகாப்பு வேலைதான் செய்கிறார்.

கற்கும் வழிகள்

இந்தியாவில் இதற்குப் பல வாசல்கள் உண்டு. ஐ.டி.ஐ.களில் பேக்கரி, பழம் மற்றும் காய்கறி பதப்படுத்துதல், பால் பொருள் தயாரிப்பு ஆகியவற்றுக்கு ஓராண்டுப் பிரிவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இவை கிடைப்பதில்லை. ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் படித்தவர்களுக்கும் உணவு ஆலைகளில் தேவை அதிகம், ஏனெனில் லைன் நின்றால் உள்ளே இருக்கும் சரக்கு கெடத் தொடங்கிவிடும். பாய்லர் இயக்குபவருக்குத் தனியாக அரசுத் தகுதிச் சான்றிதழ் உண்டு. நீராவி இல்லாமல் ஓடும் பெரிய உணவு ஆலைகள் குறைவு என்பதால், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம்.

தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனத்தின் வேர் 1967-இல் திருவாரூரில் ஒரு நவீன அரிசி ஆலையின் ஆய்வகமாகத் தொடங்கியது. டெல்டாவின் நெல்லைக் காக்க முளைத்த இடம், 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, பட்டப் படிப்புகளோடு குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகிறது. 1950-இல் தொடங்கிய மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில், மாவு ஆலைத் தொழிலைச் சொல்லித்தருவதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் கல்லூரி மாணவர்களைத் திறன் பயிற்சியோடு இணைக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட நேரடியான வழி, தொழில் பழகுநராக ஆலைக்குள்ளேயே சேர்வது. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகையை 2019-ஆம் ஆண்டு விதிகள் நிர்ணயித்தன. 2016-இல் வந்த தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், அந்தத் தொகையின் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது.

இந்தத் தொகையில் ஊர் விட்டு ஊர் வந்து அறை எடுத்துத் தங்கும் ஒருவர் மாதத்தை ஓட்டுவது கடினம். அதனால்தான் விடுதியும் சாப்பாடும் தரும் ஆலைகளைத் தேடி இளைஞர்கள் போகிறார்கள், மற்ற ஆலைகளில் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். பயிற்சியைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கணக்கைத் தள்ளிவைத்துப் பேச முடியாது.

ஒருநாள் வகுப்பும் மூன்றாண்டுப் படிப்பும்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2017-இல் தொடங்கிய பயிற்சித் திட்டம், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது. இது நல்ல தொடக்கம். ஆனால் அந்த வகுப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். கை கழுவுவதையும் தலைமுடியை மூடுவதையும் அங்கே சொல்லலாம், பாஸ்ச்சரைசரின் வரைபடத்தைப் படிக்கக் கற்றுத்தர முடியாது. கிடைத்த சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு, மற்ற 24 பேருக்கு எதுவும் போய்ச்சேராமல் நின்றுவிடும் அபாயமும் உண்டு.

ஜெர்மனியில் உணவுத் தொழில்நுட்பப் பணியாளராக மூன்றாண்டு பழக வேண்டும். பீர் வடிப்பவருக்கும் பால் தொழில்நுட்பருக்கும் அதே மூன்றாண்டுதான். வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் நுண்ணுயிரியலும் கணக்கும், மற்ற நாள்களில் ஆலையில் சம்பளத்தோடு வேலை. 1969-இல் வந்த தொழிற்கல்விச் சட்டம் இந்த அமைப்புக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்ட அடித்தளம் தந்தது. தேர்வை நடத்துவது ஆலை அல்ல, ஆலைக்கு வெளியே உள்ள தொழில் சபை போன்ற அமைப்பு. எனவே ஓர் ஆலையில் கற்றவரை இன்னோர் ஆலை நம்பி எடுத்துக்கொள்கிறது. படித்தவர் கையில் இருப்பது ஒரு நிறுவனத்தின் அனுபவக் கடிதமாக இல்லாமல், எங்கும் செல்லுபடியாகும் தொழிலாக இருக்கிறது.

இங்கே அப்படி ஒரு தொழில் அடையாளம் இன்னும் வேரூன்றவில்லை. 2013-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்கீழ் ஊறுகாய் தயாரிப்பவர், பேக்கிங் டெக்னீஷியன், தானிய ஆலை இயக்குபவர் என வேலைகள் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தச் சான்றிதழ் இருந்தால் சம்பளம் கூடும் என்ற உறுதி இல்லாதவரை, அதற்காக மாதக்கணக்கில் உட்கார இளைஞர்கள் தயங்குவது நியாயமே.

சிறு ஆலைகளின் நிலை இன்னும் கடினம். மத்திய அரசின் கணக்குப்படி நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் பதிவுபெறாத உணவுக் குறுந்தொழில்கள் இருக்கின்றன, இத்துறை வேலைவாய்ப்பில் 74 சதவீதம் அவற்றில்தான். பெரும்பாலானவை குடும்பங்கள் நடத்துபவை. 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவு நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டம், அவற்றுக்கு 35 சதவீத மானியத்தில் 10 லட்சம் ரூபாய் வரை கொடுப்பதோடு பயிற்சியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பயிற்சி உரிமையாளரோடு நின்றுவிடாமல், அடுப்பருகே நிற்கும் பெண்ணையும் சென்றடைய வேண்டும். அதற்குப் பாடம் தமிழில் இருக்க வேண்டும். சேலம் ஜவ்வரிசி ஆலையிலும் தூத்துக்குடி இறால் ஆலையிலும் இன்று வட மாநிலத் தொழிலாளர்களும் நிற்பதால், அவர்களுடைய மொழிகளிலும் இருக்க வேண்டும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

வேலைக்கோ பயிற்சிக்கோ சேரும் இளைஞரும் பெற்றோரும் முதல் நாளே சில கேள்விகளைக் கேட்கலாம். பழகுநர் ஒப்பந்தம் அரசின் இணையதளத்தில் பதிவாகுமா? எந்தப் பிரிவில், எத்தனை மாதம்? உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருமா? ஒரே இடத்தில் பெட்டி ஒட்டிக்கொண்டே காலம் போகுமா, மூலப்பொருள் வரும் இடம், பதப்படுத்தும் பகுதி, ஆய்வகம், பாக்கிங் என எல்லாவற்றிலும் மாற்றி மாற்றி நிறுத்துவார்களா? ரசாயனத்தைக் கையாளும் முன் கையுறையும் கண்ணாடியும் விளக்கமும் தருவார்களா? உணவைக் கையாள்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. அதை யார் செலவில் செய்வார்கள்? முடிவில் தேர்வு யார் நடத்துகிறார்கள், சான்றிதழ் யார் பெயரில் வரும்?

இவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு. ஏதோ தவறு நடக்கிறது என்று ஒரு பழகுநர் லைனை நிறுத்தச் சொன்னால், அந்த ஆலையில் அவருக்கு என்ன நடக்கும்? பதில் சொல்லும்போது சூப்பர்வைசர் தயங்கினால், வேறோர் ஆலையையும் விசாரித்துவிட்டுச் சேரலாம்.