தரவுத்தள எண்ணும் பதிப்பு வேறுபாடும்

பொருளியல் ஆராய்ச்சி செய்வார்க்கு இணையவழித் தரவுத்தளங்கள் இன்று இன்றியமையாதனவாயின. கட்டுரைகளை நாடுவார் ரீபெக், ஜேஸ்டோர் முதலியவற்றையும், எண்களை நாடுவார் உலக வங்கியின் தொகுப்பு, பென் உலக அட்டவணை முதலியவற்றையும் துணைக்கொள்வர். இவற்றுள் தேடும் முறை சில நாட்களிற் கைவரும். எடுத்த எண் எப்பதிப்பினது என்று அறிதலே அரிது. ஆய்வேடுகள் பலவும் இதனைக் கருதுவதில்லை.

பதிப்பு என்னுஞ் சொல்லை ஈண்டு உவமையாக மட்டும் ஆண்டோமல்லோம். சுவடிதோறும் பாடம் வேறுபடுதல் போல, ஒரே ஆண்டிற்குரிய எண்ணும் வெளியீடுதோறும் வேறுபடும். இந்தியாவின் 2013-14ஆம் ஆண்டுப் பொருளாதார வளர்ச்சியை நோக்குவோம். 2004-05ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட பழைய தொடர் அதனை 4.7 விழுக்காடு என்றது. 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய தொடரை மையப் புள்ளியியல் அலுவலகம் 2015 சனவரியில் வெளியிட்டபோது அஃது 6.9 ஆயிற்று. வயலும் ஆலையும் விளைத்தது மாறவில்லை. அளந்த முறையே மாறியது. முன்னது உற்பத்திக் காரணிகளின் செலவுவழிக் கணித்தது. பின்னது சந்தை விலைவழிக் கணித்தது. கம்பெனிகள் அரசுக்கு அளித்த கணக்குகளும் பெருமளவிற் புதிதாகச் சேர்க்கப்பட்டன. ஆதலின், அவ்வாண்டினைத் தேக்கம் என்றாரும் மீட்சி என்றாரும் தத்தம் எண்ணைப் பிழையின்றி எடுத்தாண்டவரே ஆதல் கூடும்!

பென் உலக அட்டவணையின் 6.1, 6.2 ஆகிய வெளியீடுகளைச் சைமன் ஜான்சன், அரவிந்த் சுப்பிரமணியன் முதலியோர் ஒப்பிட்டனர். ஆப்பிரிக்காவில் வளர்ச்சி மிகக் குன்றிய பத்து நாடுகளை இரண்டினின்றும் தனித்தனியே தொகுத்தபோது, இரு பட்டியலுக்கும் பொதுவாய் நின்றவை ஐந்தே.

அச்சு நூலின் பழைய பதிப்பு நூலகத்தில் எஞ்சி நிற்கும். தரவுத்தளத்திலோ புதிய எண் பெரும்பாலும் பழையதனை நீக்கி அதனிடத்தே அமர்ந்துவிடும். இதற்குப் புறனடையும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயி பெடரல் ரிசர்வ் வங்கி 2006இல் தொடங்கிய ஆல்பிரெட் என்னுந் தளம், ஓர் எண் இன்ன நாளில் எவ்வாறிருந்தது என்பதனைக் காட்டும். குரோனிங்கன் பல்கலைக்கழகம் பென் அட்டவணையின் பழைய வெளியீடுகளையும் பேணி வைத்துள்ளது. ஆயினும் எல்லாத் தளங்களிலும் இவ்வசதியை எதிர்பார்த்தல் இயலாது.

எனவே, 'உலக வங்கி இணையதளம்' என்று மட்டும் அடிக்குறிப்பு எழுதுதல் 'ஏட்டுச் சுவடி' என்று மட்டும் எழுதுதலை ஒக்கும். தொடரின் பெயரும் குறியீடும், வெளியீட்டு எண், அடிப்படை ஆண்டு, அலகு, எடுத்த நாள் ஆகியனவும் குறிக்கப்பெறல் வேண்டும். பதிவிறக்கிய கோப்பின் ஒரு படியைத் திருத்தாது தனியே வைத்துக்கொண்டு, கணக்கீடுகளை மற்றொரு படியிற் செய்தல் நன்று.